சிவபாக்கியம் பாலம் தாண்டியது

காவிரிப் பாலத்தில் சிலோன்காரர்களைச் சோதனை போடுகிறார்கள் என்று நாலு வருஷம் நம்பிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். பின்னால் அவளே சிரித்தவள்தான். ஆனால் அந்தச் சோதனை உண்மைதான் என்று அவளுக்கு அழுத்தந்திருத்தமாகச் சொன்னது ஒரு பி.ஏ. பட்டதாரி. அந்தப் பட்டதாரி நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவள் பெயர் சிவபாக்கியம். ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதிலிருந்து கொழுந்து பறித்து, எழுபத்து நாலில் தலைமன்னாரில் கப்பலேறி அப்பாவோடு ராமேஸ்வரத்தில் இறங்கியவள். தங்கை தவமணி கல்யாணமாகி வேறு குடும்பத்துக்குப் போய்விட்டதால் அங்கேயே நின்றுவிட்டாள். வந்த மூன்றாம் மாசம் அப்பா காய்ச்சலில் போனார். துறையூரில் இருந்த தூரத்துச் சித்தப்பா, தன் தலையில் விழுந்த பாரத்தை ஒரு வருஷத்துக்குள் ரத்தினவேல் தலைக்கு மாற்றிவிட்டார்.

ரத்தினவேல் திருச்சியில் ஒரு பால் சங்கத்தில் அட்டெண்டர். ஸ்ரீரங்கத்தில் ஒரு ஸ்டோரில் குடி. ஒரே வாசலுக்குள் ஆறு குடித்தனம், நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரே ஒரு குழாய், ஒரு கிணறு. அந்த ஆறு குடித்தனத்திலும் ரத்தினவேலைப் போல நல்ல பேர் எடுத்தவர் கிடையாது. குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். குரலை உயர்த்திக்கூடப் பேச மாட்டார். பக்கத்துக் குடித்தனத்துச் சண்டையெல்லாம் முற்றத்துக்கு வரும்போது, "ரத்தினவேலைப் பாருங்கய்யா, தங்கமான மனுஷன்" என்று வீட்டுக்காரர் உதாரணம் காட்டுவார்.

கை நீட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. அவரிடம் படிவம் இருந்தது.

கல்யாணமான முதல் வாரமே சிவபாக்கியத்தின் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார். "கலெக்டர் ஆபீஸ்ல ஒப்படைக்கணும். ரூல்" என்றார். அதற்குப் பிறகு ரூல்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன.

"சிலோன்லேருந்து வந்தவங்க குடியிருக்கிற எடத்தை விட்டுத் தாண்டக் கூடாது. ஸ்ரீரங்கம் தீவு, தெரியும்ல? இந்தப் பக்கம் காவிரிப் பாலம், அந்தப் பக்கம் கொள்ளிடம் பாலம். ரெண்டுலயும் ஆள் போட்ருக்கான்."

"கல்யாணத்தன்னைக்குப் பாலத்து மேலதானே வந்தோம்?"

"அன்னைக்கு ஒரு நாள் பர்மிஷன் வாங்கியிருந்தேன். உனக்காக எத்தனை பேர் கால்ல விழுந்தேன்னு எனக்குத்தான் தெரியும்."

"நான் சிலோன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பேச்சை வச்சே கண்டுபிடிச்சிருவான்."

"பேசாம போனா?"

"பேசாம போறவளைத்தான் மொதல்ல பிடிப்பான்."

இதற்கு மேல் என்ன கேட்பது?

ஒவ்வொரு மாசமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் ரத்தினவேல் குளித்து, திருநீறு பூசி, இங்கிலீஷில் அச்சடித்த ஒரு நீளப் படிவத்தை விரித்துவைத்து உட்காருவார். சிவபாக்கியம் எதிரே நிற்க வேண்டும். மாதாந்திர நடத்தை ரிப்போர்ட். இது மேலே போகவில்லை என்றால் அடுத்த கப்பலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"போன மாசம் யார் யார்கூடப் பேசினே?"

"குழாயடியில வியாகுலம்மாக்காகூட."

"எத்தனை தடவை?"

"தண்ணி வந்த அன்னைக்கெல்லாம்."

"ம்... 'அதிகம்'னு எழுதிக்கிறேன்."

"ஐயோ, கொஞ்சம்னு எழுதுங்களேன்."

ரத்தினவேல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் யோசிப்பார். "கவர்ன்மென்ட்டுக்கு என்னைப் பொய் சொல்லச் சொல்றே. சரி, உனக்காக." அன்றைக்கு வீட்டில் பாயசம். தன்னை ஒருத்தன் மாசாமாசம் காப்பாற்றுகிறான் என்று அவள் அவருக்கு ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுவாள்.

இவ்வளவு விவரம் கெட்டவளா என்று நினைக்காதீர்கள். தோட்டத்தில் அவளுக்கு ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் படிப்பு உண்டு. ஆனால் அங்கே எல்லாமே காகிதம்தான். காலையில் பேர் பதிந்தால்தான் வேலை, அட்டை இருந்தால்தான் அரிசி. கடைசியில், தோட்டத்து ஜனங்களை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு சர்க்காரும் போட்ட ஒப்பந்தத்தின்படி, அவள் அப்பா ஒரு படிவத்தில் கைநாட்டு வைத்தார். இரண்டு தேசத்துச் சர்க்கார் கச்சேரிகளில் அது எட்டு வருஷம் சுற்றி, பிறந்த ஊரை விட்டே அவர்களைக் கிளப்பிவிட்டது. ஒரு காகிதம் ஒரு மனுஷியைக் கடல் தாண்ட வைக்கும் என்றால், இன்னொரு காகிதம் காவிரியைத் தாண்டாமல் வைக்காதா?

எழுபத்தெட்டில் நான் அந்த ஸ்டோரின் மாடி அறைக்குக் குடி வந்தேன். மருங்காபுரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மழை வந்தால் சோளம், வராவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டிய பூமி. அந்த ஊரில் முதல் பி.ஏ. நான். ரிசல்ட் வந்த அன்றைக்கு என் அப்பா எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். அதற்குப் பிறகு ஊரில் யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் கேட்டார்கள். கோர்ட்டு விஷயம் கேட்டார்கள். மாட்டுக்குச் சீக்கு கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் நான் பதில் சொன்னேன். ஒரு மாடு பிழைக்கக்கூடச் செய்தது. இந்தப் பழக்கத்தோடுதான் ஸ்ரீரங்கத்துக்கு வந்து, ஒரு டுட்டோரியலில் மாலையில் பாடம் நடத்திக்கொண்டு, சர்க்கார் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வந்த பத்தாம் நாள் குழாயடியில் சிவபாக்கியம் கேட்டாள்.

"தம்பி, நீங்க படிச்சவங்க. பாலத்துல சிலோன் ஆளுங்களைப் பிடிக்கிறாங்களாமே, மெய்தானா?"

எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் குழாயடியில் நாலு பேர் நின்று என் வாயைப் பார்த்தார்கள்.

"ஆமாக்கா. ஃபாரினர்ஸ் ஆக்ட்னு ஒண்ணு இருக்கு. ரொம்பக் கடுமையான சட்டம்" என்றேன்.

அப்படி ஒரு சட்டம் இருப்பது வாஸ்தவம். அதற்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் யோசிக்கவே இல்லை. அவள் முகம் கொஞ்சம் வாடியது. அதுவரை அவளுக்குள் ஒரு ஓரத்தில் சந்தேகம் இருந்திருக்கிறது. அதையும் நான் துடைத்துவிட்டேன். சாயந்திரம் நன்றிக்காக ஒரு தேங்காய் ரொட்டி சுட்டு மாடிக்குக் கொடுத்தனுப்பினாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொட்டி நன்றாக இருந்தது.

அடுத்த வருஷம் ஆவணியில் ஒரு கார்டு வந்தது. பகலில் வீட்டில் இருக்கும் ஆண் நான் ஒருவன்தான் என்பதால் போஸ்ட்மேன் என் கையில் கொடுத்தார். கடிதம் எதுவானாலும் முதலில் ரத்தினவேல் படிக்க வேண்டும் என்பது இன்னொரு ரூல். அது எனக்குத் தெரியாததால் நேராக அவளிடம் கொடுத்துவிட்டேன். தவமணி எழுதியிருந்தாள். கப்பல் ஏறி வந்துவிட்டார்களாம். விமான நிலையத்துப் பக்கம் கொட்டப்பட்டு முகாமில் வைத்திருக்கிறார்களாம். வருகிற திங்கட்கிழமை கர்நாடகாவில் ரப்பர் தோட்டத்துக்கு ஏற்றி அனுப்புகிறார்களாம். அதற்குள் ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிட்டுப் போக்கா, எம் புள்ளைங்களை நீ பாத்ததே இல்லை.

அம்மா செத்தபோது தவமணிக்கு நாலு வயசு. கொழுந்துக் கூடைக்குள் உட்கார வைத்து மலை ஏறி இறங்கி அவளை வளர்த்தவள் சிவபாக்கியம். இப்போது அந்தத் தங்கை இரண்டு டவுன் பஸ் தூரத்தில் இருக்கிறாள். ஐந்து நாள்தான். விட்டால் எந்தக் காட்டில் போய்த் தேடுவது?

அன்று ராத்திரி ரத்தினவேலிடம் கேட்டிருக்கிறாள். அவர் கோபப்படவில்லை.

"போயேன். யாரு வேண்டாம்னா? ஆனா கேட்டுக்குள்ள கால் வச்சா உன் பேரையும் பதிஞ்சு அவங்களோடவே பஸ்ல ஏத்தி விட்ருவான். அப்பறம் நான் என்ன பண்ணுவேன்? எனக்கு நீ வேணாமா பாக்கியம்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். "இரு, மேலே எழுதிக் கேக்கிறேன்."

வியாழக்கிழமை வந்து சொன்னார்: "ரிஜக்ட் பண்ணிட்டான்."

வெள்ளிக்கிழமை அவர் வேலைக்குப் போனதும், மேலேயிருந்து திரும்பி வந்ததாகச் சொல்லி அவர் காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்த அந்த மாசத்துப் படிவத்தை எடுத்துக்கொண்டு சிவபாக்கியம் மாடிக்கு வந்தாள். துணைக்கு வியாகுலம்மாள். எதிர்க் குடித்தனம், டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா, விதவை, வாய் மட்டும் மூன்று ஆளுக்குச் சமம்.

"தம்பி, என்ன காரணம் போட்டு மறுத்திருக்கான்னு பாருங்க. எங்கிட்ட என்ன கொறைன்னு தெரிஞ்சா நான் திருத்திக்கிறேன்" என்றாள்.

வாங்கிப் படித்தேன். முதல் வரியிலேயே சிரித்துவிட்டேன். அது கால்நடைக் காப்பீட்டு விண்ணப்பம். பால் சங்கத்தில் கறவை மாடுகளுக்கு எழுதுகிற படிவம்.

"என்ன தம்பி சிரிக்கிறீங்க?"

"அக்கா, இது மாட்டுக்கு உள்ளது."

"எந்த மாட்டுக்கு?"

"நீங்க... உங்களைத்தான் எழுதியிருக்கு. இனம், சிலோன். நிறம், கறுப்பு. அடையாளம், இடது கன்னத்தில் மச்சம். கொம்பு, இல்லை. குணம், சாது..."

வியாகுலம்மாள், "அடி ஆத்தே!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே அடுத்த வரியைப் படித்தேன். ஈன்ற கன்றுகள், இல்லை.

படித்த பிறகுதான் என்ன படித்தேன் என்று உறைத்தது. அவர்களுக்குக் குழந்தை இல்லை. சிவபாக்கியம் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"மிச்சத்தையும் படிங்க."

"அவ்வளவுதாங்கக்கா."

இதற்கு மேல் அந்த ஆளுக்கு 'அவர்' போட எனக்கு மனசில்லை. தெரியாமல் செய்ததில்லை, ஒவ்வொரு கட்டமாகப் படித்து, ரசித்து எழுதியிருக்கிறான். நாற்பத்தெட்டு மாசம்.

சிவபாக்கியம் அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "அப்ப அன்னைக்குப் பாலத்துல பிடிப்பாங்கன்னு சொன்னீங்களே தம்பி?"

"அது... எனக்குத் தெரியாதுக்கா. தெரியாதுன்னு சொல்ல வாய் வரலை."

"அதென்ன அவ்வளவு கஷ்டமான வார்த்தையா?"

"பி.ஏ.ல அதைச் சொல்லிக் குடுக்க மாட்டாங்க போல" என்றாள் வியாகுலம்மாள்.

மறுநாள் கலெக்டர் ஆபீஸில் கிளார்க்காக இருந்த காஜா மைதீனைத் தேடிப் போய்க் கேட்டேன். என்னோடு படித்தவன். விழுந்து விழுந்து சிரித்தான். "ஒப்பந்தத்துல வந்தவங்க இந்தியப் பிரஜைடா. பாஸ்போர்ட்டே நம்ம கவர்ன்மென்ட் குடுத்தது. எந்தப் பாலத்துல வேணா போகலாம், பாலத்துக்கு நடுவுல நின்னு சுண்டல் வேணா சாப்பிடலாம்." இதை அப்படியே வந்து சொன்னேன். இந்தத் தடவை கேட்டுத் தெரிந்துகொண்டு சொன்னதால் எனக்குக் கொஞ்சம் தைரியம் இருந்தது. அவளுக்கு இருந்ததா என்று தெரியவில்லை. "சரி தம்பி" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் முதல் ஞாயிற்றுக்கிழமை. குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஆறு குடித்தனமும் முற்றத்தில். சிவபாக்கியம் நாற்காலியைக் கொண்டுவந்து நடு முற்றத்தில் போட்டாள்.

"உள்ள புழுக்கமா இருக்கு. இங்கனயே வச்சுக் கேளுங்க."

ரத்தினவேல் தயங்கினான். ஆனால், "என்ன ரத்தினவேல், சென்சஸ் எடுக்கிறியா?" என்று வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். எழுந்து போனால் மரியாதை இல்லை. படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, எப்போதும் போல மெதுவாகக் கேட்டான்.

"போன மாசம் நடத்தை எப்படி?"

"சாதுங்க. முட்ட மாட்டேன்."

"என்னது?"

"கொம்பு இல்லைல்ல, அதான். நீங்க எழுதினதுதானே." குரல் கணீரென்று இருந்தது. "நெறம் கறுப்புங்க. கன்னத்துல மச்சம் இருக்கு, பாத்துக்கங்க. பால் எம்புட்டுன்னு நீங்க கேக்கவே இல்லை."

குழாயடியில் ஒரு குடம் தானாக நிரம்பி வழிந்தது. யாரும் எடுக்கவில்லை. வியாகுலம்மாள் முன்னாலேயே பேசிவைத்தது போல அந்தப் படிவம் என்ன படிவம் என்பதை நாலு வாக்கியத்தில் எல்லோருக்கும் விளக்கினாள்.

"கன்னு இல்லைன்னு போட்ருக்கீங்க" என்று சிவபாக்கியம் தொடர்ந்தாள். "சரிதான். ஆனா பசுவை மட்டும் எழுதினா எப்பிடிங்க? காளையையும் ஒருக்கா டாக்டர்கிட்டக் காட்டலாம்ல?"

வீட்டுக்காரர் துண்டால் வாயை மூடிக்கொண்டு திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. ரத்தினவேல் எழுந்தான். அப்போதும் சத்தம் போடவில்லை.

"பாக்கியம், உள்ள வா. பாஸ்போர்ட் எங்கிட்ட இருக்குங்கிறதை மறந்துட்டே. ஒரு தீக்குச்சி போதும்."

"கலெக்டர் ஆபீஸ்ல ஒப்படைச்சதாச் சொன்னீங்க?"

அவள் உள்ளே போனாள். வரும்போது அவன் எதையும் பூட்டிவைக்கிற தகரப் பெட்டி, பூட்டு தொங்கத் தொங்க, அவள் முதுகில் இருந்தது. கிணற்றுக் கயிறால் கட்டி, கயிற்றை நெற்றிக்கு மேலே உச்சந்தலையில் கொடுத்துத் தொங்க விட்டிருந்தாள். தோட்டத்தில் கொழுந்துக் கூடையை அப்படித்தான் சுமப்பார்களாம். சாவி அவன் அரைஞாணில். பாஸ்போர்ட் பெட்டியில். பெட்டி வாசலைத் தாண்டிவிட்டது.

ஓடிப் பிடிக்கலாம்தான். ஆனால் நாலு வருஷமாகத் தங்கமான மனுஷன் என்று பேர் வாங்கியவன், ஆறு குடித்தனம் பார்க்கத் தெருவில் பெண்டாட்டியோடு பெட்டியை இழுத்து மல்லுக்கட்ட முடியுமா? சட்டை போட உள்ளே போனான். அவன் வருவதற்குள் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறிவிட்டோம்.

விஷயம் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படிப் போவதில்லை. அம்மா மண்டபம் தாண்டியதும் அவள் முந்தானையை இழுத்துக் கன்னத்து மச்சத்தை மறைத்துக்கொண்டாள். பாலத்து முனையில் பஸ் நின்றது. ஒரு போலீஸ்காரர் ஏறினார். நேராக வந்து அவள் பக்கத்தில்தான் கம்பியைப் பிடித்து நின்றார். வியாகுலம்மாள் மணிக்கட்டை அவள் பிடித்த பிடியில் நாலு விரல் தடம் பதிந்தது. பேசாமல் போகிறவளைத்தான் முதலில் பிடிப்பார்கள் அல்லவா? எனவே பேசினாள்.

"வணக்கம்ங்க. எம் பேரு சிவபாக்கியம். சிலோன்லேருந்து வந்தவ. கொட்டப்பட்டுக்கு எந் தங்கச்சியைப் பாக்கப் போறேன். ரிப்போர்ட்டு நாற்பத்தெட்டு மாசமும் போட்ருக்குங்க."

போலீஸ்காரர் அவளையும் எங்களையும் பார்த்தார். "சரிம்மா. அதுக்கென்ன இப்ப? பெட்டியை என் கால்லேருந்து எடு."

அவள் பெட்டியை இழுத்துக்கொண்டாள். ஜன்னல் பக்கம் திரும்பி, சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரும்வரை ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆறு எப்போதோ முடிந்துபோயிருந்தது.

முகாம் வாசலில் ஒரு குமாஸ்தா மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே போகிறவர்கள் யார் என்பதற்கு ஏதாவது அட்டை வேண்டும். வியாகுலம்மாளிடம் ஆஸ்பத்திரி அட்டை இருந்தது. என்னிடம் பட்டம் இருந்தது. அது சுவரில் மாட்டியிருந்தது. சிவபாக்கியத்தின் பாஸ்போர்ட் பெட்டிக்குள். என்ன செய்வது என்று நிற்கும்போது அடுத்த பஸ்ஸில் ரத்தினவேல் வந்து இறங்கினான். பொண்டாட்டிக்காக வரவில்லை. பெட்டிக்குள் எழுதாத படிவங்கள் ஒரு கட்டு இருந்ததாம். சங்கத்திலிருந்து சொல்லாமல் எடுத்தது. ஒரு சர்க்கார் வாசலில் யாராவது பூட்டை உடைத்துவிட்டால் வேலை போய்விடும்.

"தொறங்க" என்றாள் சிவபாக்கியம்.

அவன் பெட்டிமேல் கவிழ்ந்து படுக்காத குறையாக மறைத்துக்கொண்டு, மூடியை நாலு விரல் அளவு திறந்து, கையை விட்டுத் துழாவிப் பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, படாரென்று மூடினான். குமாஸ்தா புரட்டிப் பார்த்தார். "இந்தியப் பிரஜை. சரி, போங்கம்மா." பிறகு ரத்தினவேலைப் பார்த்தார். "நீங்க?"

"இவ புருஷன்ங்க. நானும் உள்ள வரேன்."

"அட்டை?"

"நான் இந்த ஊர்க்காரன்ங்க. எனக்கெதுக்கு அட்டை?"

"இங்க வர்ற எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

"பாக்கியம், நீ ஒரு வார்த்தை சொல்லேன்."

சிவபாக்கியம் நின்று, அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இவரு விஷயத்தை மேலே எழுதிக் கேளுங்க" என்று குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நானும் அவனும் முள்வேலிக்கு வெளியே நின்றோம். உள்ளே ஒரு கொட்டகை வாசலில் தவமணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று பார்த்தால், தோளில் பட்பட்டென்று அடித்தாள்.

"ஏங்க்கா, இம்புட்டுக் கிட்டத்துல இருந்துக்கிட்டு வர உனக்கு இத்தனை நாளா?"

"பாலம் ரொம்ப நீளம்டி" என்றாள் அக்கா.

திங்கட்கிழமை தவமணியின் பஸ் கிளம்பும்வரை முகாமிலேயே இருந்துவிட்டு, சிவபாக்கியம் ஸ்ரீரங்கத்துக்குத்தான் திரும்பி வந்தாள். ஏறியது மட்டும் எதிர்க் குடித்தனத்து வாசல்படி. வியாகுலம்மாள் சொல்லி ஆஸ்பத்திரியில் அவளுக்கும் ஆயா வேலை கிடைத்தது. தினமும் பாலத்தில் போக ஒரு தடவை, வர ஒரு தடவை. முதல் ஒரு மாசம் கண்டக்டரைப் பார்த்தாலே எழுந்து நின்றுவிடுவாள் என்று வியாகுலம்மாள் சொல்வாள். பிறகு சரியாகிவிட்டது. எண்பத்திரண்டில் தவமணியைப் பார்க்க ரயிலேறிக் கர்நாடகாவுக்கே போய்விட்டு வந்தாள், தனியாக.

ரத்தினவேலுக்காக வீட்டுக்காரர் ஒரு தடவை பஞ்சாயத்துப் பேச வந்தார்.

"ஏம்மா, ஒரு நாள் கை நீட்டியிருப்பானா? சொல்லு பாப்போம்."

"இல்லைங்க" என்றாள் சிவபாக்கியம். "ஒரு அடி அடிச்சிருந்தா அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சிருக்கும். இது தெரியறதுக்கு நாலு வருஷம் ஆயிருச்சு."

வீட்டுக்காரர் குழாயைச் சரியாக மூடவில்லை என்று யாரையோ திட்டிக்கொண்டு போனார்.